செய்தி நின்றுபோகும் இடத்தில் நாவல்: மர்மக் கதை எழுதுவோருக்குக் கேள்வி பதில்

மதுரைப் பதிப்பு நாளிதழ்களின் குற்றச் செய்திகளிலிருந்து மர்ம நாவல் எழுத முனைவோர் கேட்ட கேள்விகள் இவை.

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, தினமும் பேப்பரில் கொலைச் செய்தி வருகிறது. எது நாவலுக்கு ஆகும் என்று எப்படிப் பிரிப்பது?

கடைசி வரியைப் பாருங்க தம்பி. 'முன்விரோதம் காரணமா என்ற கோணத்தில் போலீசார் விசாரித்து வருகின்றனர்' என்று முடிந்தால் கத்தரித்து வையுங்கள். முன்விரோதம் என்பது அவசரத்தில் நிருபர் கைக்கு அகப்படும் சொல். அதற்குள் வரப்புத் தகராறு இருக்கலாம், ஏலச்சீட்டுப் பணம் இருக்கலாம், கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்பது இருக்கலாம். அதற்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் கற்பனை செய்வதுதான் நாவல். யார், ஏன், எப்படி என்று முதல் நாளே தெரிந்துவிட்ட செய்தி மர்மக் கதைக்கு உதவாது.

ஒரு செய்திக்கு நோட்டில் ஒரு பக்கம். மேலே தேதி. அடுத்து நடந்தது ஒரே வரியில். அதற்குக் கீழே உறுத்துகிற ஒரு பொருள்: பூட்டிய வீட்டில் இரண்டு டம்ளர், கிணற்று மேட்டில் ஒற்றைச் செருப்பு, இப்படி. கடைசியில், செய்தி சொல்லாமல் விட்டது. ஆட்களின் பெயரை நோட்டில் ஏற்றவே வேண்டாம். நோட்டில் இருக்கும் பெயர் எப்படியும் கதைக்குள் நுழைந்துவிடும். அதே செய்தியை இரண்டு நாளிதழ்களில் படியுங்கள். ஒன்று இரவு 9 மணி, மூன்று பேர் என்னும். இன்னொன்று 10 மணி, ஐந்து பேர் என்னும். அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் குற்றவாளியை ஒளித்துவைக்கலாம்.

மேலூரிலிருந்து: சார், உண்மைச் சம்பவத்தை எவ்வளவு மாற்றினால் சிக்கல் வராது?

பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், தொழில், உறவு, கொலை நடந்த விதம் ஆகிய நான்கில் மூன்றையாவது மாற்றுங்கள். அதைவிட நல்ல வழி, ஒரு செய்தியிலிருந்து காரணத்தையும் வேறொன்றிலிருந்து முறையையும் எடுப்பது. 'யாவும் கற்பனையே' என்று முன்பக்கத்தில் போட்டுவிட்டால் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவில் உள்ளதை ஒருவரது சம்மதம் இல்லாமலும் எழுதலாம், அதைத் தாண்டி அவர் வாழ்க்கைக்குள் போனால் அந்தரங்க உரிமையை மீறியதாகலாம். பாலியல் குற்றத்துக்கு உள்ளானவர்களுக்கு அந்த விலக்கும் பொருந்தாது. அவர்களை அடையாளம் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பெயரைச் சொல்லாவிட்டாலும் தெரு, பள்ளி, அப்பாவின் தொழில் மூன்றும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். இறந்தவரைப் பற்றி எழுதுவதும் அவருடைய குடும்பத்தைப் புண்படுத்தும் நோக்கில் இருந்தால் அவதூறுதான்.

ஊரை மாற்றும்போது பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் நடந்ததை மேலூருக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டிருக்கும் நாட்களில் மேலூர் வயலில் ராத்திரி முழுக்க யாராவது மடை திருப்பிக்கொண்டிருப்பார்கள். மல்லிகைத் தோட்டமென்றால் விடியுமுன்பே மொட்டுப் பறிக்க ஆள் இறங்கிவிடும். நிலம் மாறினால் சாட்சி மாறும், சாட்சி மாறினால் கொலையாளி நேரத்தையும் பாதையையும் மாற்றியாக வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் உண்மைச் சம்பவத்தின் சாயல் தானாகவே போய்விடும்.

தெப்பக்குளத்திலிருந்து: அக்கினி நட்சத்திர சமயத்தில் கதை நடக்கிறது. உடம்பு சில்லிட்டிருப்பதை வைத்து டாக்டர் இறந்த நேரம் சொல்வதாக எழுதியிருக்கிறேன். சரியா?

சரியில்லை. குளிர் நாட்டுக் கதைகளில் அது நடக்கும். மதுரை மே மாதப் பகலில் 38, 39 டிகிரியைத் தொடும்; உயிருள்ள உடம்பின் சூடு 37 டிகிரி. வெளியே அதைவிட வெக்கையாக இருக்கும்போது பிணம் எங்கே குளிரும்? தகரக் கொட்டகையில் கிடந்தால் சூடு ஏறக்கூடும். விறைப்பை வைத்து எழுதுங்கள். நம் வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே தொடங்கும். இமை, தாடை, கழுத்து, கை, கால் என்று வரிசையாகப் பரவி, 18 முதல் 36 மணி நேரத்துக்குள் அதே வரிசையில் தளரும். தாடை தளர்ந்து கால் மட்டும் விறைத்திருந்தால், இறந்து வெகுநேரம் ஆகிவிட்டது என்று டாக்டர் ஊகிக்கலாம். அடிவயிற்றின் வலப்பக்கம் பச்சை படர்வதும் கோடையில் 12 முதல் 18 மணி நேரத்தில் தெரியும். எதற்கும் ஒரே மணியைச் சொல்லவைக்காதீர்கள். 'இத்தனை மணிக்குள்' என்று ஓர் இடைவெளிதான் டாக்டர் தருவார்.

செல்லூரிலிருந்து: என் கதையில் டி.எஸ்.பி. விசாரிக்கிறார். பரவாயில்லையா?

செல்லூர் கதையென்றால் தப்பு. மாநகரம் போலீஸ் கமிஷனரின் கீழ் வருகிறது. இன்ஸ்பெக்டருக்கு மேலே உதவி கமிஷனர், அவருக்கு மேலே துணை கமிஷனர். டி.எஸ்.பி., எஸ்.பி. எல்லாம் உசிலம்பட்டி, மேலூர் போன்ற மாவட்டப் பகுதிக்கு. சட்டப் பிரிவிலும் தேதி பாருங்கள்: 2024 ஜூலை 1க்கு முன் நடந்த கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302, அன்றும் அதற்குப் பின்னும் நடந்ததற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103.

வாடிப்பட்டியிலிருந்து: ராத்திரியோடு ராத்திரியாகப் பிரேதப் பரிசோதனையை முடித்துவிடலாமா?

வசதியுள்ள மருத்துவமனையில் சூரியன் மறைந்த பிறகும் செய்ய 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தது. கொலை, தற்கொலை, சந்தேக மரணத்துக்கு அது பொருந்தாது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரும் என்ற நிலை இருந்தால் ஒழிய காலைவரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைக் கதைக்குப் பயன்படுத்துங்கள். பிணவறை வாசலில் இரண்டு தரப்பு உறவினர்களும் ஒரே ராத்திரியைக் கழிக்கும் காட்சி ஒரு முழு அத்தியாயத்துக்குப் போதும். இறந்தவர் திருமணமாகி 7 ஆண்டுக்குள் உள்ள பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணையும் உண்டு. பல கதைகள் அதை மறந்துவிடுகின்றன.

உசிலம்பட்டியிலிருந்து: ஸ்டேஷனில் குற்றவாளி ஒப்புக்கொள்வதோடு கதையை முடிக்கலாமா?

போலீசிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. அதன்பேரில் அரிவாளோ நகையோ எடுத்துக் கொடுத்தால், அந்தக் கண்டெடுப்புக்குரிய பகுதி மட்டும் செல்லும். அதனால்தான் செய்திகளில் அடிக்கடி 'வி.ஏ.ஓ. முன் சரண்' என்று பார்க்கிறோம். ஆனால் வி.ஏ.ஓ. எழுதி வாங்கிய வாக்குமூலத்தையும் நீதிபதி எளிதில் நம்பமாட்டார். முன்பின் தெரியாத அதிகாரியிடம் ஒருவன் ஏன் போய்ச் சொல்ல வேண்டும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அந்தக் கேள்விக்கு உங்கள் கதை பதில் வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அலங்காநல்லூரிலிருந்து: அக்கா ஒருவர் கேட்கச் சொன்னார். செய்தி நின்றுபோன பிறகு வழக்கு என்ன ஆனது என்று எங்கே பார்ப்பது?

தீர்ப்பில் பார்க்கச் சொல்லுங்கள். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகளும், 2004இல் தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளும் இ-கோர்ட்ஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் குறுக்கு விசாரணையைப் பற்றிச் சொல்லும் பத்திகளைப் படிக்கட்டும். புகார் எத்தனை மணிக்கு எழுதப்பட்டது, முதல் தகவல் அறிக்கை எத்தனை மணிக்கு மாஜிஸ்திரேட் கைக்குப் போனது என்று அங்கே வரும். நடுவில் காரணம் சொல்லப்படாத பத்து மணி நேரம் இருந்தால், அந்தத் தீர்ப்பை எடுத்துத் தனியே வைக்கட்டும்.