‘ரத்து’ அல்ல, ‘நிறுத்திவைப்பு’

கேள்வி: ஐயா, குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வெளியுறவு, அறிவியல், மக்கள் நலத்திட்டம் என்று தினமும் நாற்பது, ஐம்பது நடப்பு நிகழ்வுகளை ஒவ்வொரு வரியாக எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பாதி மறந்துவிடுகிறது. என் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நீங்களே மாதாமாதம் ஒரு வரிச் செய்திகளைத் தொகுத்து வெளியிட்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்குமே?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: வெளியிட மாட்டோம். உங்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை இருப்பதால்தான் இப்படி நேராகச் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய பக்கத்தை இரண்டு முறை பொறுமையாகப் படித்தேன். தேதிக்குச் சிவப்பு மை, ஊருக்குப் பச்சை மை, பக்கத்தின் அடியில் ‘இன்று 46’ என்று ஒரு கணக்கு. கையெழுத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. ஆனால் அந்த 46 வரிகளில் ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதிலாக ஒரு வரிகூட இல்லை. மறந்துபோவதற்கு உங்கள் நினைவாற்றலைக் குறை சொல்லாதீர்கள். பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இல்லாத கொடி எப்படி நிற்கும்?

உங்கள் பக்கத்திலிருந்தே மூன்று வரிகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வரி: ‘சிந்து நதி ஒப்பந்தம் (1960) – இந்தியா ரத்து – ஏப்ரல் 23, 2025.’ தேதி சரி, ஆண்டு சரி. ‘ரத்து’ என்பது தவறு. காஷ்மீரின் பஹல்காமில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்கு மறுநாள் இந்தியா அறிவித்தது, ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாகத்தான். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். இல்லை. 1960 செப்டம்பரில் கராச்சியில் நேருவும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தத்தில், ஒரு நாடு தன்னிச்சையாக வெளியேறுவதற்கு வழியே வைக்கப்படவில்லை. இரு அரசுகளும் சேர்ந்து இன்னொரு ஒப்பந்தம் போட்டு முடித்துக்கொள்ளும்வரை இது தொடரும் என்றுதான் அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. அதனால்தான் இந்தியா ‘நிறுத்திவைப்பு’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது என்று கருதலாம். எல்லை தாண்டிய பயங்கரவாதத்துக்கு அளிக்கும் ஆதரவைப் பாகிஸ்தான் மீளமுடியாதபடி கைவிடும்வரை என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தது. வெளியுறவில் ஒரு சொல்லுக்கு அவ்வளவு எடை உண்டு. தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றாக ‘ரத்து செய்தது’ என்று கொடுத்திருந்தால், உங்கள் கை நேராக அங்கேதான் போயிருக்கும்.

இந்த ‘ஏன்’ புரிந்துவிட்டால் மற்றவை தானாக ஒட்டிக்கொள்ளும். ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய கிழக்கு நதிகள் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் ஆகிய மேற்கு நதிகள் பாகிஸ்தானுக்கு. மேற்கு நதிகளில் இந்தியா மின்சாரம் எடுப்பது போன்ற குறிப்பிட்ட பயன்பாடுகளுக்கு மட்டும் அனுமதி. நடுவில் இருந்து பேசி முடித்தது உலக வங்கி. 1965, 1971 போர்களின்போதும் இந்த ஒப்பந்தம் நின்றது. ஒரு வரைபடத்தை எடுத்து ஆறு நதிகளையும் விரலால் ஒரு முறை தொட்டுப் பாருங்கள், போதும்.

இரண்டாவது வரி: ‘குலசேகரப்பட்டினம் – 2வது ஏவுதளம் – அடிக்கல் 28.2.2024.’ இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலேயே இரண்டு ஏவுதளங்கள் செயல்படுகின்றன. மூன்றாவதற்கும் 2025 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்துவிட்டது. குலசை என்பது செயற்கைக்கோள்களை ஏவுவதற்கான நாட்டின் இரண்டாவது மையம். சரி, ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது தூத்துக்குடி மாவட்டத்துக் கடலோரத்தில் இன்னொன்று எதற்கு?

இதற்கும் வரைபடம்தான் பதில். வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவச் சுற்றுப்பாதைக்குச் செயற்கைக்கோளை அனுப்ப ராக்கெட் தெற்கு நோக்கிப் போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேராகத் தெற்கே போனால் வழியில் இலங்கை. கழன்று விழும் பாகங்கள் ஒரு நாட்டின் தலைமேல் விழக்கூடாது என்பதால் முதலில் தென்கிழக்காகப் போய், அப்புறம் தெற்கே திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவாகிறது. பிஎஸ்எல்வி போன்ற பெரிய ராக்கெட் அதைத் தாங்கிக்கொள்ளும். சுமார் 500 கிலோவை மட்டுமே தூக்கக்கூடிய எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. தூக்கக்கூடிய எடையே கணிசமாகக் குறைந்துவிடும். குலசையிலிருந்து பார்த்தால் இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுகிறது. தெற்கே திறந்த கடல். அறிவியல் என்று நீங்கள் தலைப்பிட்ட ஒரே வரிக்குள் புவியியலும் அண்டை நாடும் பொருளாதாரமும் இருக்கின்றன. அடிக்கல் நாட்டிய தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு இத்தனையையும் விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

மூன்றாவது வரிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ‘புதுமைப் பெண் – 5.9.2022 – மாதம் ரூ.1,000.’ அவ்வளவுதான் எழுதியிருக்கிறீர்கள். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12 வரை படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கான திட்டம் இது. இதன் முழுப் பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். அந்தப் பெயரில் முன்பு இருந்தது திருமண நிதியுதவித் திட்டம், 1989இல் தொடங்கியது. படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பணமும், பிற்காலத்தில் தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள். அதே பெயரில் இன்று போவது கல்லூரிப் படிப்புக்கான பணம். ஒரு பெண்ணுக்கு அரசு எந்தக் கட்டத்தில் கை கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே இடம் மாறியிருக்கிறது.

அப்புறம், யார் அந்த இராமாமிர்தம் அம்மையார்? தேவதாசி முறையின் கொடுமையைத் தன் வாழ்க்கையிலேயே கண்டு, அதை ஒழிக்க ஊர் ஊராகப் பேசியவர். 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்து சென்ற படையில் இருந்தவர். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் வந்தபோது அதன் பின்னால் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரோடு இவர் பெயரும் நின்றது. உங்கள் பாடத்திட்டத்தில் தமிழ்நாட்டுச் சமூக-அரசியல் இயக்கங்கள் ஒரு தனிப் பகுதி, நலத்திட்டங்கள் இன்னொரு பகுதி. இந்த ஒரே செய்தி இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறது. இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள்: நீங்கள் தேர்ச்சி பெற்று ஒரு அலுவலகத்தில் உட்காரும்போது, இப்படிப்பட்ட ஒரு திட்டத்துக்கான விண்ணப்பத்தோடு ஒரு பெண் எதிரே வந்து நிற்பாள். யாருக்கு உரியது, எதற்காக வந்தது என்று தெரிந்த அதிகாரி அவளை அலைக்கழிக்க மாட்டார்.

எனவே தினம் 46 வேண்டாம். வெளியுறவில் ஒன்று, அறிவியலில் ஒன்று, நலத்திட்டத்தில் ஒன்று, வாரத்துக்கு மூன்று செய்திகளை இப்படி வேர்வரை தோண்டுங்கள். விருதுகள், தரவரிசைகள், நியமனங்கள் போன்றவற்றுக்கு ஒரு வரிக் குறிப்பு தப்பில்லை. தேர்வுக்கு முந்தைய சில வாரங்களில் பார்த்தால் போதும்.

தோண்டிய ஒவ்வொரு செய்தியிலிருந்தும் கூற்று–காரணம் வகையில் ஒரு கேள்வியை நீங்களே எழுதிப் பாருங்கள். முதல் கேள்வியை நான் தருகிறேன். கூற்று: குலசேகரப்பட்டினம் எஸ்எஸ்எல்வி ஏவுவதற்கு ஏற்ற இடம். காரணம்: அது ஸ்ரீஹரிகோட்டாவைவிட நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் ராக்கெட்டுக்குப் பூமியின் சுழற்சி உதவுகிறது. இரண்டும் சரியா, ஒன்று மட்டுமா? மேலே எழுதியதைத் திரும்பப் பார்க்காமல் விடை எழுதி, ஏன் என்று மூன்று வரிகளில் விளக்கி அனுப்புங்கள்.