தனியாகப் போகலாம், தனியாகச் சறுக்கலாமா?

காஷ்மீரில் உள்ள குல்மார்க்கின் பனிச்சறுக்குப் பருவத்தைப் பற்றி வந்த கடிதங்களில், புதுப்பனியில் சறுக்குவது குறித்துக் கேட்டவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சென்ற ஆண்டு குல்மார்க்கில் பனிச்சறுக்கு அடிப்படைப் பயிற்சி முடித்தேன். இயந்திரத்தால் பனியைச் சமப்படுத்திச் சீர்செய்த சரிவுகளில் பயமில்லாமல் இறங்குவேன். வரும் பிப்ரவரியில் அலுவலக வேலையாக ஸ்ரீநகர் போகிறேன். வேலை முடிந்ததும் ஒரு முழு நாள் கையில் இருக்கும். துணைக்கு யாரும் இல்லை. இரவெல்லாம் பெய்து ஓய்ந்த பனியில், யாருடைய தடமும் படாத சரிவில், ஒரு நாளாவது சறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கொண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியில் அபர்வத் மேல்நிலையம் வரை போய் அங்கிருந்து இறங்கலாமா? தனியாகப் போகவே கூடாது என்கிறார்கள் வீட்டில். (வாசகி, கோவை)

பதில்: வீட்டார் சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். ஊருக்குத் தனியாகப் போகலாம். சரிவில் தனியாக இறங்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் ஆசையை விட்டுவிடுகிறார்கள், வேறு சிலர் ஆபத்தில் போய் விழுகிறார்கள். பனிக்காலத்தில் அந்தச் சிறிய ஊருக்குத் தனியாக வருபவர்கள் ஏராளம். மாலையில் சறுக்குப் பலகை வாடகைக்குக் கொடுக்கும் கடைகளிலும் விடுதிகளின் புகாரி அடுப்பைச் சுற்றியும் அவர்கள் ஒருவரையொருவர் விசாரித்து, மறுநாளைக்குக் கூட்டு சேர்ந்து, வழிகாட்டிக்கான கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்வது அங்கே வழக்கம். ஆகவே துணை இல்லை என்பது முதல் நாள் மாலையோடு தீர்ந்துவிடக்கூடிய பிரச்சினைதான்.

மேல்நிலையத்தைப் பற்றிக் கேட்டீர்கள். குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1998இல் தொடங்கிய கொண்டோலாவின் முதற்கட்டம் 3,000 மீட்டருக்குச் சற்று மேலே உள்ள கோங்தூரியில் இறக்கிவிடும். 2005இல் தொடங்கிய இரண்டாம் கட்டம் அங்கிருந்து 3,900 மீட்டரையும் தாண்டி, அபர்வத் மலையின் தோளுக்குக் கொண்டுபோகும். மரங்கள் கீழேயே நின்றுவிடும். மேலே இருப்பதெல்லாம் வெட்டவெளியான செங்குத்துச் சரிவுகள். ரோந்துக் குழுவினர் வெடி வைத்துத் தளர்ந்த பனியை முன்கூட்டியே சரித்துவிட்டுப் பாதுகாப்பாக வைத்திருப்பது கொண்டோலாவை ஒட்டிய கிண்ணம் போன்ற பகுதியை மட்டுமே. எல்லையைத் தாண்டி இடமும் வலமும் விரிந்து கிடப்பது எந்தப் பராமரிப்பும் இல்லாத இமயமலை. அடிப்படைப் பயிற்சி மட்டும் முடித்தவர் அந்த உயரத்துக்கு இந்த ஆண்டு போக வேண்டாம் என்பதே என் தெளிவான கருத்து. உங்கள் ஆசைக்கு அந்த உயரம் தேவையும் இல்லை.

பனி எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் நாளைத் திட்டமிடுவது எளிதாகிவிடும். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து மேற்கத்தியத் தாழ்வுகள் ஈரக்காற்றைச் சுமந்து வந்து பீர் பஞ்சால் தொடரில் மோதும்போது குல்மார்க்கில் பனி கொட்டுகிறது. சில வேளை அது இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். சில ஆண்டுகளில், 2024 ஜனவரியில் நேர்ந்ததுபோல, வாரக்கணக்கில் வராமலே ஏமாற்றும். பெய்து ஓய்ந்த மறுநாள்தான் நீங்கள் எதிர்பார்க்கும் நாள். அன்று காற்றும் பனிச்சரிவு அபாயமும் காரணமாக இரண்டாம் கட்டம் பெரும்பாலும் மூடியே கிடக்கும். பலர் அதைப் பார்த்து மனம் சோர்ந்து விடுதியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், கீழே இருக்கும் பனியும் அதே பனிதான்.

காலையில் சுற்றுலாப் பயணிகளும் ஸ்லெட்ஜ் வண்டிக்காரர்களும் வந்து சேர்வதற்கு முன், ஊருக்குள்ளேயே கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மென்சரிவுகளில் தொடங்குங்கள். சாய்வு குறைவு, ஆழம் உண்டு, விழுந்தாலும் அடிபடாது. பலகையின் நுனி பனிக்குள் மறைந்து, சிறிது வேகம் பிடித்ததும் மெல்ல மேலெழுந்து வெளியே தெரியும்; அந்தக் கணத்தில் காலடியில் கேட்டுக்கொண்டிருந்த உரசல் ஒலி சட்டென்று அடங்கிவிடும். பனித்தூள் முழங்காலில் மோதி மார்புவரை எழும்பும். புதுப்பனியின் இன்பம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான், இதற்கு நூறு மீட்டர் சரிவு போதும்.

பிறகு ஒரு பயிற்றுநரோடு முதற்கட்டத்தில் ஏறிக் கோங்தூரியிலிருந்து குல்மார்க் வரை இறங்குங்கள். வழியில் பிர் என்னும் ஊசியிலை மரக்காடு வரும். கிளைகளில் தேங்கிய பனி வெயில் பட்டதும் பொத்தென்று விழுந்து, காடு முழுக்க வெள்ளைத் தூள் மிதக்கும். மிக அழகான காட்சிதான், ஆனால் அங்கேதான் எச்சரிக்கையும் வேண்டும். தாழ்ந்த கிளைகள் குடைபோல் விரிந்திருப்பதால் மரத்தின் அடியில் பனி இறுகாமல், தளர்ந்த பனியால் நிறைந்த பள்ளம் ஒன்று மறைந்திருக்கும். அதில் தலைகீழாக விழுந்தவருக்குப் பலகைகள் மேலே மாட்டிக்கொள்ளும், பனி முகத்தை மூடும், அசைய அசைய இன்னும் இறுகும். தன்னார்வலர்களை இத்தகைய பள்ளங்களில் இறக்கி வட அமெரிக்காவில் செய்த சோதனைகளில் பத்தில் ஒன்பது பேரால் தாமாக வெளியேற முடியவில்லை. கூட வருபவர் பார்வைக்குள் இருந்தால் சில நிமிடங்களில் இழுத்து மேலே கொண்டுவந்துவிடுவார். தனியாக இருந்தால் கூப்பிடும் குரல்கூட வெளியே கேட்காது. விழப்போகிறோம் என்று தெரிந்தால் கிளையையோ அடிமரத்தையோ பற்றிக்கொண்டு தலையை மேலே வைத்திருங்கள், முடியாவிட்டால் முகத்துக்கு முன்னே கைகளால் இடைவெளி உண்டாக்குங்கள்.

பிற்பகலில் மேகம் இறங்கினால் மேடும் பள்ளமும் ஒரே வெள்ளையாகிவிடும். கால்களும் அதற்குள் களைத்திருக்கும். மூன்று மணிக்கு முன்னரே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குப் பல ஆண்டு அனுபவம் உண்டு. உத்தரகண்டின் ஆலியிலும் வெளிநாட்டிலும் சறுக்கியிருக்கிறேன். பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் பீக்கன் கருவியும் சொந்தமாக வைத்திருக்கிறேன். தனியாக அபர்வத்திலிருந்து பாபா ரேஷி பக்கம் இறங்குவதில் என்ன தவறு? (வாசகர், சென்னை)

பதில்: உங்கள் அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பீக்கன் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் உடலில் கட்டிய கருவி 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சைகை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைத் தன் கருவியில் பிடித்து, துழாவும் கம்பியால் இடத்தை உறுதிசெய்து, மண்வாரியால் தோண்டி எடுக்க மேலே இன்னொருவர் நிற்க வேண்டும். முதல் பத்து நிமிடங்களுக்குள் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். அரை மணி கடந்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. ஊரிலிருந்து மீட்புக் குழு கிளம்பி வந்து சேரும் நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே முடியாது. தனியாக இறங்குபவரின் பீக்கன், உடலைக் கண்டெடுக்க மட்டுமே உதவும்.

30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் பனிச்சரிவுகள் பெரும்பாலும் நிகழ்கின்றன. நம்மைப் போன்றவர்கள் சறுக்க விரும்புவதும் அதே சாய்வைத்தான். காற்று முகட்டைத் தாண்டிப் பனியை அள்ளிவந்து மறுபக்கச் சரிவில் பலகைபோல் அடுக்கி வைக்கும். கீழே உள்ள பலவீனமான அடுக்கின் மேல் அது எவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்கிறது என்பது மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது. மனிதர்கள் சிக்கி இறந்த பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிட்டது அவர்களோ அவர்களுடன் வந்தவர்களோதான். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத்தின் ஹபத்குட் பகுதியில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று உள்ளூர்க்காரர் துணையின்றி மேற்சரிவில் சறுக்கிய ரஷ்யக் குழுவினர் சிக்கிக்கொண்டதில் ஒருவர் இறந்தார். இந்த இரு குழுக்களிலும் கூட ஆட்கள் இருந்தார்கள், அப்படியும் உயிர் போயிற்று.

பாபா ரேஷி இறக்கம் எனக்கும் மிகவும் பிடித்தது. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சூஃபி ஞானியின் தர்கா அருகே காடு முடிந்து சாலை வரும். அங்கிருந்து வண்டி பிடித்து மீண்டும் குல்மார்க்குக்கு ஏறிவிடலாம். போங்கள். காலையில் ரோந்துக் குழு வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையைப் படித்து, உள்ளூர் வழிகாட்டி ஒருவரையும் கருவிகளைப் பயன்படுத்தத் தெரிந்த இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு, திறந்த சரிவுகளில் ஒருவர் இறங்கும்போது மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்க்கும் முறையில் போங்கள். வழிகாட்டி இன்று வேண்டாம் என்று தலையசைத்தால் வாதாடாதீர்கள். குல்மார்க்கின் அடிவாரத்தில் உள்ள தங்மார்க் பக்கத்து ஊர்களில் பிறந்து, நடக்கப் பழகிய கையோடு பலகையிலும் நிற்கப் பழகியவர்கள் அவர்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்ட ஆரிஃப் கானும் அந்தப் பகுதிக்காரர்தான்.

கேள்வி: சீர்செய்த சரிவில் நன்றாகத் திரும்புகிறேன். புதுப்பனியில் இறங்கினால் ஒரு கால் புதைந்து, மறு கால் வேறு பக்கம் ஓடி, விழுந்துவிடுகிறேன். தொடையும் பத்து நிமிடத்தில் எரிகிறது. எங்கே பிசகுகிறது? (வாசகர், பெங்களூரு)

பதில்: கெட்டிப்பனியில் திரும்பும்போது வெளிப்புறக் காலில் எடையை ஏற்றக் கற்றுக்கொண்டிருப்பீர்கள். ஆழப்பனியில் அந்தப் பழக்கமே உங்களைக் கவிழ்க்கிறது. ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ; உலர்ந்த புதுப்பனி பெரும்பாலும் 100 கிலோவைச் சுற்றியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும், மற்றதெல்லாம் காற்று. அதன்மேல் ஒரு காலை மட்டும் அழுத்தினால் அது மூழ்கத்தான் செய்யும். இரு பாதங்களையும் சற்று நெருக்கமாக வைத்து, எடையைச் சமமாகப் பிரித்து, இரண்டு பலகைகளையும் ஒரே பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள். முழங்காலை மடக்கி நிமிர்த்தும் ஒரே சீரான தாளத்தில், பனி உங்களை மேலே தள்ளும் நொடியில் திரும்புங்கள்.

தொடை எரிவதற்குக் காரணம், நுனி புதைந்துவிடுமோ என்ற பயத்தில் பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடுவதுதான். வேகம் குறைவாக இருக்கும்போதுதான் நுனி புதைகிறது. சரிவின் போக்கிலேயே சிறிது தூரம் ஓடவிட்டால் பலகை தானாக மிதக்கும். வாடகைக் கடையில் நடுப்பகுதி 100 மில்லிமீட்டருக்குமேல் அகலமான பலகையைக் கேட்டு வாங்குங்கள். சீர்செய்த சரிவுக்கான 75 அல்லது 80 மில்லிமீட்டர் பலகையோடு ஆழப்பனியில் மல்லுக்கட்டுவது வீண் உழைப்பு.

விழுந்தபின் எழுவதும் ஒரு கலை. கையை ஊன்றினால் தோள்வரை உள்ளே போய்விடும். இரண்டு ஊன்றுகோல்களையும் பெருக்கல் குறிபோல் பனிமேல் படுக்கவைத்து, அவை குறுக்கிடும் இடத்தில் கைவைத்து எழுங்கள். கழன்ற பலகை கண்ணில் படாவிட்டால் கீழே தேடாதீர்கள். அது பெரும்பாலும் விழுந்த இடத்துக்கு மேலே, பனிக்குள் புதைந்து கிடக்கும். மேலிருந்து தொடங்கி ஊன்றுகோலால் குறுக்குவாட்டில் கீறிக்கொண்டே வாருங்கள், தட்டுப்படும்.

கேள்வி: குளிர் நாட்டில் வெயில் என்ன செய்யும்? சன்ஸ்கிரீன் அவசியமா? (வாசகி, சேலம்)

பதில்: அவசியம். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புறஊதாக் கதிர்களின் அளவு ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுகிறது, புதுப்பனியோ தன்மேல் விழுவதில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்புகிறது. மூக்கின் அடிப்பகுதி, தாடையின் கீழ், காதுமடல் ஆகியவற்றிலும் பூசுங்கள். கண்ணாடி இல்லாமல் ஒரு மணி நேரம்கூட நிற்க வேண்டாம். மேகமூட்டமான நாளுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: என் மகள் பிப்ரவரியில் தனியாகக் குல்மார்க் போகிறாள். தடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு நான் அவளிடம் என்னென்ன கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்? (ஒரு தந்தை)

பதில்: ஐயா, தடுக்காமல் கேட்கிறீர்களே, அதற்கே உங்களுக்கு என் வணக்கம். முதலில் அவருடைய செல்பேசி இணைப்பு எது என்று கேளுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இணைப்பு வேண்டும். இது தெரியாமல் போன பிள்ளைகளின் வீட்டில் இரண்டு மூன்று நாள் தூக்கம் போயிருக்கிறது. அடுத்து, விடுதியின் தொலைபேசி எண்ணும் அன்றன்று உடன் செல்லும் வழிகாட்டியின் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். எந்தச் சரிவுக்குப் போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பதைத் தினமும் காலையில் உங்களுக்கும் விடுதி வரவேற்பாளருக்கும் சொல்லச் சொல்லுங்கள்; மீட்புக்கு ஆள் அனுப்ப வேண்டி வந்தால் முதலில் செயல்படக்கூடியவர் அந்த வரவேற்பாளர்தான்.

காப்பீட்டுப் பத்திரத்தை நீங்களே ஒருமுறை வாசித்துவிடுங்கள். பல பயணக் காப்பீடுகள் பனிச்சறுக்கைச் சாகச விளையாட்டு என்று விலக்கிவைத்திருக்கும். சில, சீர்செய்த சரிவுக்கு மட்டும் பொறுப்பேற்கும். எல்லைக்கு வெளியே சறுக்குவதும் மலையிலிருந்து தூக்கிவரும் செலவும் அதில் அடங்கியிருக்கின்றனவா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பனி கொட்டினால் தங்மார்க் சாலையும் ஸ்ரீநகர் விமானங்களும் தடைபடும், ஆகவே திரும்பும் பயணச்சீட்டுக்கு முன்னால் ஒரு நாளாவது கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.