மனசுக்குள் ஓட்டுவதும் வாய்விட்டுச் சொல்வதும்

கேள்வி: இரவு படுத்ததும் அன்று நடந்ததையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். ஒரு மணி நேரம் போனாலும் ஒரு முடிவுக்கும் வருவதில்லை. தனியாக இருக்கும்போது வாய்விட்டுப் பேசினால் கொஞ்சம் தெளிகிறது. ஆனால் தனக்குத்தானே பேசுவது சரிதானா என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயத்தை விடுங்கள். சின்னக் குழந்தைகள் விளையாடும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வளர வளர அந்தப் பேச்சுதான் உள்ளே இறங்கி மனப்பேச்சாகிறது என்று விளக்கியவர் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி. 1934இல் வெளிவந்த அவருடைய நூலிலேயே உங்கள் சிக்கலுக்கும் ஒரு விடை இருக்கிறது. உள்ளே போன பேச்சு சுருங்கிவிடும். எழுவாய் உதிர்ந்து பயனிலை மட்டும் மிஞ்சும் என்கிறார் அவர். தமிழில் நாம் வெளியே பேசும்போதே எழுவாயை விட்டுவிடுகிறவர்கள், உள்ளே கேட்கவா வேண்டும்? ‘சொதப்பிட்டேன்’ என்று ஒற்றைச் சொல் ஓடும். எதை, எந்த இடத்தில், யார் முன்னால் என்று எதுவும் அதில் இருக்காது. அரைகுறையாக இருப்பதால்தான் அது முடியாமல் சுற்றிச் சுற்றி வருகிறது.

அதையே வாயால் சொல்லிப் பாருங்கள்: “இன்றைய கூட்டத்தில் செலவு பற்றிக் கேட்டபோது என்னிடம் கணக்கு தயாராக இல்லை.” மலையாக இருந்தது ஒரு கணக்குத் தாளாகச் சுருங்கிவிட்டது, இல்லையா? நினைவுகூர மனசு போதும். முடிவுக்குக் கொண்டுவர வாய் வேண்டும்.

படுக்கையில் மட்டும் வேண்டாம். மாலையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், உட்கார்ந்தோ நடந்தோ. ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள். முதல் ஐந்து நிமிடம் பேசாமல், நடந்ததை நடந்த வரிசையில் பாருங்கள். அப்புறம் வாய் திறந்து என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், அடுத்த முறை என்ன செய்வேன் என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்’ என்ற கேள்வியை இந்தப் பத்து நிமிடத்துக்குள் விடாதீர்கள். அதற்கு மனசு எந்தப் பதிலையும் தயாரித்துத் தரும், பெரும்பாலும் உங்களைத் திட்டுகிற பதிலை. பேசும்போது ‘அது வந்து…’ என்று ஓரிடத்தில் இழுப்பீர்கள். உங்களுக்கே விளங்காத இடம் அதுதான். அங்கே நிறுத்திவிட்டு மறுபடி பேசாமல் யோசியுங்கள்.

‘நான்’ என்பதற்குப் பதிலாக ‘நீ’ என்றோ, உங்கள் பெயரைச் சொல்லியோ பேசலாம். பதற்றமான நேரத்தில் அப்படித் தன்னோடு பேசியவர்களுக்குச் சங்கடமும், பிறகு அதையே நினைத்துப் புழுங்குவதும் குறைந்ததாக அமெரிக்க உளவியலாளர் ஈத்தன் கிராஸ் குழுவினரின் ஆய்வுகள் 2014இல் காட்டின. எனக்குப் பெயர் சொல்வது நாடகம்போல் இருக்கும், ‘நீ’தான் சரிப்படுகிறது.

கோபம் சூடாக இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். அங்கே இல்லாத ஆளோடு வாதாட ஆரம்பித்துவிட்டால் அது சண்டை ஒத்திகைதான். அப்போதைக்கு ‘கோபம், அதற்கு அடியில் அவமானம்’ என்று உணர்வுக்குப் பெயர் மட்டும் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

வீட்டில் ஆள் இருந்தால் முணுமுணுத்தால் போதும். தெருவில் நடக்கும்போது கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

நீங்களே பேசுகிறீர்கள் என்று தெரிந்திருக்கும்வரை இதில் நோய் ஏதும் இல்லை. வேறு யாரோ பேசுவதுபோல் குரல் கேட்டாலோ, வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று. பேச்சின் கடைசி வாக்கியம் நேரத்தோடு இருக்கட்டும்: “நாளை காலை பத்து மணிக்கு அந்தக் கணக்கை எடுத்து வைப்பேன்.” அதை மட்டும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரவில் அதே நினைப்பு திரும்ப வந்தால், “உனக்கு நாளை பத்து மணி” என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுங்கள்.