கோசுமெல் துறைமுகத்தில் சில மணி நேரம்: சுற்றுலாவும் ஷாப்பிங்கும், வாசகர் கேள்விகள்

டெக்சாஸிலிருந்தும் ஃபுளோரிடாவிலிருந்தும் க்ரூஸ் போகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை மெக்சிகோவின் கோசுமெல் தீவைப் பற்றியவை. அதனால் இந்த முறை அந்த ஒரு துறைமுகத்தோடு நின்றுகொள்கிறேன்.

கேள்வி: கால்வெஸ்டனிலிருந்து கிளம்பும் க்ரூஸில் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு ஆறு பேராகப் போகிறோம். கோசுமெலில் கப்பல் எட்டு மணி நேரம் நிற்கும். "மாயா நாகரிகம், டெக்கீலா, ஷாப்பிங்" என்று ஐந்து மணி நேர எக்ஸ்கர்ஷன் ஒன்றைக் கப்பல் நிறுவனமே ஆளுக்கு 79 டாலருக்கு விற்கிறது. வாங்கலாமா? (வாசகி, ஹூஸ்டன்)

பதில்: ஆறு பேருக்கு 474 டாலர். அந்தப் பணத்துக்கு நீங்கள் வாங்குவது நேரத்தைத்தான். அதனால் அந்த ஐந்து மணி நேரம் எங்கெங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். விவரப் பக்கத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கிறதா? இல்லையென்றால் கப்பலின் எக்ஸ்கர்ஷன் மேஜையில் கேளுங்கள். பேருந்தில் எவ்வளவு நேரம், இடிபாடுகளில் எவ்வளவு நேரம், டெக்கீலா கடையில் எவ்வளவு, கடைத்தெருவில் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். இப்படி மூன்றையும் சேர்த்து விற்கும் சுற்றுலாக்களில் பண்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. மிச்சமெல்லாம் வழிகாட்டிக்குக் கமிஷன் தரும் கடைகளில் போய்விடும். டெக்கீலா சுவைப்பு இலவசம் என்பார்கள், ஆனால் அங்கிருந்து வெளியே வரும் வழியே பாட்டில் விற்கும் அறைக்குள்தான் போகும்.

"மாயா நாகரிகம்" என்று அவர்கள் சொல்வது அநேகமாக சான் கெர்வாசியோவாக இருக்கும். தீவின் நடுவே காட்டுக்குள் இருக்கும் இடிபாடுகள் அவை. நிலா, பிள்ளைப்பேறு, நெசவு இவற்றுக்குரிய இஷ்செல் தெய்வத்தின் தலம். எதிரே இருக்கும் யுகடான் நிலப்பகுதியின் கரையிலிருந்து பெண்கள் தோணியில் கடல் கடந்து இங்கே நேர்ந்துகொள்ள வந்திருக்கிறார்கள். சிச்சேன் இட்சா போல வானளாவிய பிரமிடை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். கட்டடங்கள் சிறியவை, தாழ்வானவை. ஆனால் மரநிழலில் அந்தக் கல் பாதைகளில் நிதானமாக நடக்க நேரம் இருந்தால் மனதில் நிற்கும் இடம். நாற்பது பேர் கூட்டத்தோடு ஓட்டமாய் ஓடினால் ஒன்றும் நிற்காது.

என் யோசனை: இந்த மூன்று சேர்ந்த பொட்டலத்தை விட்டுவிடுங்கள். இடிபாடுகளை மட்டும் காட்டும் சுற்றுலாவைக் கப்பலிலேயே தேடிப் பாருங்கள். இல்லையா, துறைமுகத்தில் ஆறு பேர் உட்காரும் வேன் டாக்சி பிடித்து, போய்வரவும் காத்திருக்கவும் மொத்தக் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். கோசுமெல் டாக்சியில் மீட்டர் கிடையாது, இடத்துக்கு இடம் நிர்ணயித்த கட்டணம்தான். ஏறும் முன் மூன்றைக் கேளுங்கள்: வண்டிக்கா, ஆளுக்கா? பேசோவா, டாலரா? திரும்புவதும் சேர்த்தா? இடிபாடுகளுக்குள் நுழையும்போது இரண்டு சீட்டு வாங்கச் சொன்னால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். ஒன்று மத்திய அரசின் தொல்லியல் துறைக்கு, மற்றொன்று தீவின் பூங்கா அமைப்புக்கு. கொசு மருந்து கட்டாயம்.

மாமனார், மாமியாருக்கு நடை சிரமம் என்றால் தீவின் ஊரான சான் மிகெலுக்குள்ளேயே இருங்கள். கடலோரச் சாலையில் தீவின் அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே நாலு தெரு தள்ளிப் போனால் உள்ளூர்க்காரர்கள் காய்கறி, மீன் வாங்கும் முனிசிபல் மார்க்கெட். பண்பாடு என்று நீங்கள் தேடுவது துறைமுக வாசலில் இருக்கும் கடைகளைவிட அங்கே அதிகம்.

கப்பலின் எக்ஸ்கர்ஷனுக்கு ஒரு நியாயமான மதிப்பு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. டூலூமின் மாயா இடிபாடுகள் போல, படகேறி மறுகரைக்குப் போய் அங்கிருந்து பேருந்தில் போகும் நீண்ட பயணம் என்றால் கப்பல் மூலமே வாங்குங்கள், அங்கே கூடுதல் காசு தகும். தீவுக்குள் சுற்றுவதற்கு அந்தக் காப்பீடு தேவையில்லை.

கேள்வி: கோசுமெலில் போன் காட்டும் நேரமும் கப்பல் நேரமும் மாறுமாமே? (மியாமி)

பதில்: மாறலாம். கோசுமெல் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015-லிருந்து வருடம் முழுவதும் ஒரே நேரத்தில் இருக்கிறது, கோடையில் கடிகாரத்தைத் திருப்புவதில்லை. அதனால் கோடைகாலத்தில் மியாமி நேரத்திலேயே ஓடும் கப்பலில் நான்கு மணி என்றால் தீவில் மூன்று. போன் தானாகத் தீவு நேரத்துக்கு மாறியிருக்கும். அதை நம்பினால் கப்பல் போய்விடும். இறங்கும்போது அன்றைய கப்பல் நேரத்தை வாசலில் பார்த்து, கைக்கடிகாரத்தை அதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கப்பலில் ஒரு அம்மணி "ஷாப்பிங் பேச்சு" நடத்தி, வரைபடம் ஒன்று தந்தார். அதில் குறித்த கடைகளுக்கு மட்டும்தான் உத்தரவாதம் என்கிறார். நம்பலாமா? (டம்பா)

பதில்: அந்த வரைபடத்தில் இடம்பெறக் கடைகள் பணம் கட்டுகின்றன. அதற்காக மோசமான கடைகள் என்று ஆகாது. உத்தரவாதமும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும், ஆனால் எத்தனை நாளுக்கு, எந்தக் குறைக்கு என்பதை எழுத்தில் படியுங்கள். வாங்கிய பிறகு மனம் மாறினால் அது செல்லாது.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் கடைகளில் முன்வரிசையில் வைத்து விற்பது வைரமும் டான்சனைட்டும். டான்சனைட் தான்சானியாவில் மட்டும் எடுக்கும் கல். மெக்சிகோவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மெக்சிகோவின் சொந்தக் கல் வேண்டும் என்றால் கெரேதரோவின் நெருப்பு ஓபல், சியாபாஸின் ஆம்பர் (கெட்டிப்பட்டுப்போன பழைய மரப்பிசின்) இருக்கின்றன. ஆம்பரில் பிளாஸ்டிக் போலி அதிகம். உப்பை நிறையக் கரைத்த தண்ணீரில் அசல் மிதக்கும், பல போலிகள் மூழ்கும். நல்ல கடைக்காரர் அந்தச் சோதனையைத் தானே செய்து காட்டுவார்.

கேள்வி: போன முறை கடற்கரையில் "925 வெள்ளி" என்று ஒரு சங்கிலி வாங்கினேன். கறுத்துப்போய், கழுத்தெல்லாம் பச்சை படிந்துவிட்டது. இந்த முறை எப்படிப் பார்த்து வாங்குவது? (டாலஸ்)

பதில்: கறுப்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. நம் வீட்டுக் கொலுசு கறுப்பதுபோல நல்ல வெள்ளியும் கறுக்கும். தோலில் பச்சை படிந்தது என்றால் அதில் செம்பு அதிகம் என்று அர்த்தம். அங்கே "அல்பாக்கா" என்று ஒரு உலோகம் விற்கிறார்கள். செம்பு, துத்தநாகம், நிக்கல் கலவை அது, வெள்ளி துளியும் கிடையாது. "அல்பாக்கா" என்று சொல்லி விற்றால் தப்பில்லை, மலிவான அழகான பொருள்தான். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தோல் அரிக்கும். அதை வெள்ளி என்று விற்பதுதான் மோசடி.

925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. இந்தியாவின் ஹால்மார்க் தரங்களிலும் இதே எண் இருக்கிறது. முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், அதை யாரும் குத்தலாம். 925-க்குப் பக்கத்தில் செய்தவரின் அடையாளமும் இருக்கிறதா பாருங்கள். தராசில் எடை போடச் சொல்லி, அன்றைய வெள்ளி விலையைப் போனில் பார்த்துக் கணக்குப் போடுங்கள். வெள்ளியின் விலைக்கும் கீழே ஒரு வெள்ளிச் சங்கிலியை யாரும் விற்கமாட்டார்கள். காந்தம் ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒட்டாததால் மட்டும் வெள்ளி ஆகிவிடாது, அல்பாக்காவும் ஒட்டாது. ரசீதில் "ப்ளாதா 925", அதாவது வெள்ளி 925, என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பதில் தெரிந்துவிடும்.

வெள்ளி வேலைப்பாட்டுக்குப் பேர்போன ஊர் தாஸ்கோ. அது கெரேரோ மாநிலத்து மலையில், கோசுமெலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. "தாஸ்கோ வெள்ளி" என்று சொல்லும் ஒவ்வொருவரும் அங்கிருந்து வாங்கி வந்தவர் அல்ல.

கேள்வி: சமையலறைக்கு ஏதாவது வாங்கலாம் என்று ஆசை. மண் சட்டி, வனிலா, இப்படி. சரியாக இருக்குமா? (ஆஸ்டின்)

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி, ஏனென்றால் இதில் உடம்பு சம்பந்தப்பட்டிருக்கிறது.

பளபளவென்று மெருகிட்ட பாரம்பரிய மண் சட்டிகள் பலவற்றின் மெருகில் ஈயம் இருக்கிறது. குறைந்த சூட்டில் சுடும் சூளைகளில் மெருகு பிடிக்க ஈயம் சேர்ப்பது அங்கே பழைய வழக்கம். புளிப்பான உணவு பட்டால் அந்த ஈயம் கசிந்து சாப்பாட்டில் கலக்கும். நம் சமையலில் புளியும் தக்காளியும் இல்லாத நாள் எது? சின்னக் குழந்தைகளுக்கு ஈயம் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். "சின் ப்ளோமோ", அதாவது ஈயம் இல்லாதது, என்று சொல்லும் சட்டிகளும் கிடைக்கின்றன. ஆனால் கடைக்காரர் வாய்ச்சொல்லை வைத்து அதில் ரசம் வைக்காதீர்கள். அலமாரி அழகுக்கு என்றால் தாராளமாக வாங்குங்கள். புவெப்லாவின் தலவேரா பாத்திரங்களும் அழகுக்கென்றே வாங்கத்தக்கவை. அசல் தலவேராவில் செய்த பட்டறையின் பெயர் அடியில் இருக்கும்.

வனிலா பிறந்த மண்ணே மெக்சிகோதான். வெராக்ரூஸ் மாநிலத்து பபந்த்லா பகுதியில் தோதோநாக் மக்கள் வளர்த்த கொடி அது. அதனாலேயே துறைமுகக் கடைகளில் லிட்டர் கணக்கில் அடிமாட்டு விலைக்கு "வனிலா" விற்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் அது செயற்கைச் சுவை. சிலவற்றில் டோங்கா விதையிலிருந்து வரும் கூமரின் இருந்திருக்கிறது. உணவில் கூமரின் சேர்ப்பதை அமெரிக்கா 1954-லேயே தடைசெய்தது. கல்லீரலுக்குக் கெடுதல், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் கிட்டவே போகக் கூடாது. லேபிளில் சேர்மானப் பட்டியல் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். முழு வனிலாக் காய்களாக வாங்கினால் ஏமாறும் வாய்ப்பு குறைவு. வளையும், எண்ணெய்ப் பசையோடு இருக்கும், மணம் தனியாகத் தெரியும்.

டெக்கீலா வாங்குகிறவர்கள் பாட்டிலில் "100% அகாவே" (டெக்கீலா வடிக்கும் செடியின் பெயர்) என்ற சொல்லையும், NOM என்ற எழுத்துகளோடு வரும் நான்கு இலக்க எண்ணையும் தேடுங்கள். அந்த எண் எந்த ஆலையில் வடித்தது என்பதைச் சொல்லும். 100% என்று போடாததில் அகாவே சர்க்கரை 51% இருந்தாலே போதும், மற்றது வேறு சர்க்கரை.

கேள்வி: மாமியார் சைவம். துறைமுகத்தில் என்ன சாப்பிடலாம்?

பதில்: அவரையும் சோறும் சைவம்தானே என்று நம்பிவிடாதீர்கள். அவரையைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது அங்கே சாதாரணம். "சின் மான்தேகா, சின் கார்னே" என்று கேளுங்கள்: கொழுப்பு வேண்டாம், இறைச்சி வேண்டாம். கூகமோலே, நோபால் கள்ளி, வெட்டிய மாம்பழம், மார்க்கெட்டில் சோள டொர்த்தியா இவை பயமில்லாதவை.

கேள்வி: டாலரில் கொடுப்பதா, பேசோவிலா, கார்டா?

பதில்: பேசோவில், முடிந்தவரை கார்டில். பேசோவுக்கும் அதே $ குறிதான் என்பதை மறக்காதீர்கள். 400 என்று எழுதியிருந்தால் எந்தப் பணம் என்று கேட்டுவிட்டுக் கையில் எடுங்கள். கார்டு மெஷின் "டாலரில் எடுக்கட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம், பேசோ என்று அழுத்துங்கள். மெஷின் போடும் மாற்று விலை எப்போதும் உங்கள் வங்கி விலையைவிட மோசம். கையெழுத்துப் போடும் முன் சீட்டில் எந்தப் பணம் என்று பாருங்கள்.

மெக்சிகோவின் நுகர்வோர் சட்டப்படி, காட்டும் விலை வரி உள்பட முழு விலையாக இருக்க வேண்டும். பில் போடும்போது 16% வரி தனியாகச் சேர்த்தால் வாக்குவாதம் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. அங்கே 1976-லிருந்து ப்ரொஃபெகோ என்ற அரசு நுகர்வோர் அலுவலகம் இருக்கிறது. வெளிநாட்டவரும் புகார் தரலாம். ரசீது இருந்தால் மட்டுமே பலன், அதனால் ரசீது இல்லாமல் பெரிய பொருள் எதையும் வாங்காதீர்கள்.

கைத்தறி, எம்பிராய்டரி விற்பவர்களிடம் பேரம் பேசுங்கள், ஆனால் அடிமட்டத்துக்கு இழுக்காதீர்கள். உய்ப்பீல் என்ற பூவேலை ரவிக்கையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முடிச்சுகள் கொஞ்சம் முன்னும் பின்னுமாக இருந்தால் பெரும்பாலும் கைவேலை. அது ஒரு பெண்ணின் பல நாள் உழைப்பு. அதற்குக் கேட்ட விலை கொடுப்பதில் நஷ்டமில்லை.

கேள்வி: மருந்து மலிவாமே?

பதில்: வேண்டாம். மெக்சிகோவின் சுற்றுலா ஊர்களில் சில மருந்துக் கடைகள் விற்கும் மாத்திரைகளில் ஃபெண்டனில் என்ற, உயிரையே பறிக்கக்கூடிய கடும் போதை மருந்து கலந்திருக்கக்கூடும் என்று 2023 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறையே எச்சரித்தது. கோசுமெலுக்கு நேர் எதிர்க்கரையில் உள்ள ப்ளாயா தெல் கார்மெனும் அந்த வட்டாரம்தான்.

கேள்வி: திரும்பும்போது சுங்கத்தில் என்ன பிடிப்பார்கள்?

பதில்: அமெரிக்காவில் வசிப்பவருக்குப் பொதுவாக ஆளுக்கு 800 டாலர் வரை வரியில்லை, 21 வயதானவருக்கு ஒரு லிட்டர் மதுவும் அதில் அடங்கும். ஆமை ஓட்டில் செய்த எதுவும் கூடாது. கறுப்புப் பவழ நகை கோசுமெல் கடைகளில் கண்ணில் படும். அது சர்வதேசக் கட்டுப்பாட்டில் உள்ள உயிரினம், சரியான அனுமதித் தாள் இல்லாமல் கொண்டுவர முடியாது. கியூபச் சுருட்டுக்கு 2020 செப்டம்பரிலிருந்து மறுபடி தடை. பழம், விதை, இறைச்சி இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வெளியே ஒரு நிறுவனத்தில் முன்பணம் கட்டிச் சுற்றுலா பதிந்தோம். காற்று அதிகம் என்று கப்பல் கோசுமெலில் நிற்கவேயில்லை. பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். (நியூ ஆர்லியன்ஸ்)

பதில்: கப்பல் மூலம் வாங்கியிருந்தால் தானாகவே திரும்பியிருக்கும். வெளியே வாங்கும்போது "கப்பல் துறைக்கு வராவிட்டால் முழுப்பணம்" என்ற வரி நிபந்தனையில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. உங்கள் பதிவு மின்னஞ்சலைத் தேடுங்கள். அந்த வரி இருந்து, அவர்கள் மறுத்தால், அவர்களோடு கடிதப் போர் வேண்டாம். கிரெடிட் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள்: நிபந்தனையின் நகல், கப்பல் அந்த நிறுத்தத்தை ரத்து செய்த அறிவிப்பு, அவர்களுடைய மறுப்பு, மூன்றும் சேர்த்து. இந்தத் தொகை முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். கூடவே கப்பலின் கணக்கையும் பாருங்கள். நிற்காத துறைமுகத்துக்கான வரியையும் கட்டணத்தையும் திருப்பித் தருவது வழக்கம், உங்கள் கணக்கில் வரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.