கைப்பை உங்களிடம், பெட்டி கப்பலிடம்: கப்பலில் முதல் நாள்

கேள்வி: நானும் என் மனைவியும் முதன்முறையாகச் சொகுசுக் கப்பலில் போகப் போகிறோம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மீண்டும் சிங்கப்பூருக்கே திரும்பும் நான்கு இரவுப் பயணம். மகள் பதிவு செய்து கொடுத்திருக்கிறாள். எனக்கு 64 வயது, மனைவிக்கு 60. அவருக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இருவரும் சைவம். எங்கே போய் நிற்பது, எப்படி ஏறுவது, ஏறியதும் என்ன செய்வது என்று ஒன்றும் பிடிபடவில்லை. மனைவிக்குக் கடலில் வாந்தி வருமோ என்ற பயம் வேறு. வழி சொல்லுங்கள். – வாசகர், கோவை

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். கப்பல் கிளம்பும் அன்று காலையில் சிங்கப்பூரில் வந்து இறங்குவது போல விமான டிக்கெட் இருந்தால், மகளிடம் சொல்லி முந்தைய நாளுக்கு மாற்றிவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. சரியான நேரத்துக்கே இறங்கினாலும், இரவெல்லாம் தூங்காமல் வந்து வரிசையில் நிற்பது சர்க்கரை உள்ளவருக்கு நல்லதல்ல. ஒரு ராத்திரி ஓட்டல் செலவு கூடுதல்தான், ஆனால் அது வீண் இல்லை.

அடுத்தது விசா. கப்பல் கிளம்பியதும் கணக்குப்படி நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியவர்கள். நான்கு நாள் கழித்துத் திரும்பி வருவது புதிய நுழைவு. ஆகவே உங்கள் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். எஸ்ஜி அரைவல் கார்டு என்ற இணையப் படிவத்தையும் இரண்டு முறை நிரப்ப வேண்டும்: விமானத்தில் வரும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது ஒன்று. இது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல. மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுவதால், இந்திய பாஸ்போர்ட்டுக்கு என்ன தேவை என்று கப்பல் நிறுவனம் எழுத்தில் தருவதையே நம்புங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

பெரிய கப்பல்கள் பலவும் மரீனா பே குரூஸ் சென்டரிலிருந்து கிளம்புகின்றன. மரீனா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது என்றாலும், பெட்டிகளோடு போவதால் டாக்சியே வசதி. ஹார்பர்ஃபிரண்டில் இன்னொரு முனையம் இருக்கிறது, டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் செக்-இன் செய்யும்போது வருகை நேரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அந்த நேரத்துக்குப் போனால் கூட்டம் குறைவாக இருக்கும். கடைசி நேரம் வரை இழுக்காதீர்கள். கப்பல் கிளம்புவதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பே ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள்.

முனையத்தில் நடப்பது கிட்டத்தட்ட விமான நிலையம் மாதிரிதான்: பெட்டியைக் கொடுப்பது, பாதுகாப்புச் சோதனை, செக்-இன், குடிநுழைவு, பிறகு கப்பல். வித்தியாசம் பெட்டியில் இருக்கிறது. வாசலில் நீங்கள் கொடுக்கும் பெட்டி, பல மணி நேரம் கழித்துத்தான் உங்கள் கேபின் வாசலுக்கு வந்து சேரும். சில சமயம் இரவுச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். கேபின் எண் அச்சிட்ட அட்டையை வீட்டிலேயே அச்செடுத்து, கைப்பிடியில் பின் அடித்து, மேலே அகலமான டேப் ஒட்டிவிடுங்கள். அட்டை கிழிந்த பெட்டிதான் அலைய விடும்.

அதனால் இந்தப் பயணத்தில் கைப்பையே முக்கியம். இன்சுலின், ஊசிகள், சர்க்கரை பார்க்கும் கருவி, இரண்டு பேருடைய மாத்திரைகள், மருத்துவர் சீட்டு, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை, மனைவிக்குக் கொறிக்க ஏதாவது: இவை எதுவும் பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது. தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ எடுப்பவர்களாக இருந்தால், சிங்கப்பூருக்குள் கொண்டுவர முன் அனுமதி தேவைப்படலாம். அதன் சுகாதார அறிவியல் ஆணையத் தளத்தில் பார்த்துவிடுங்கள். இதோடு ஒன்று: கசகசாவை எந்தப் பொடியிலும் கலந்து எடுத்து வர வேண்டாம். சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள்.

நம் வீடுகளில் பயணம் என்றாலே மின்சாரக் கெட்டிலும் சின்ன இஸ்திரிப் பெட்டியும் பெட்டிக்குள் போய்விடும். கப்பலில் தீதான் பெரிய பயம் என்பதால் சூடாக்கும் கருவிகளை எடுத்து வைத்துக்கொள்வார்கள். இறங்கும்போதுதான் திருப்பித் தருவார்கள். பெட்டியும் அதனால் தாமதமாகும். வெந்நீர் பஃபேயில் எப்போதும் கிடைக்கும், ஒரு பிளாஸ்க் போதும்.

உள்ளே நுழைந்ததும் கேபின் தயாராக இருக்காது. பெரும்பாலும் மதியம் ஒரு மணிக்கு மேல் ஆகும். எல்லோரும் நேரே மேல்தளத்து பஃபேக்குப் போவார்கள், தட்டோடு இடம் தேடி அலைவார்கள். அன்று மதியம் பெரிய உணவுக்கூடமும் திறந்திருக்கிறதா என்று ஊழியரிடம் கேளுங்கள். திறந்திருந்தால் அங்கே நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம். அங்கேயே பொறுப்பாளரைப் பார்த்து, இருவரும் சைவம், முட்டையும் வேண்டாம் என்றால் அதையும், சொல்லிவிடுங்கள். பதிவு செய்தபோதே சொல்லியிருந்தாலும் நேரில் ஒருமுறை சொல்வதுதான் பலிக்கும். சிங்கப்பூரிலிருந்து போகும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறைய. பருப்பும் சப்பாத்தியும் கிடைக்காமல் போகாது.

இன்சுலின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரிய உணவுக்கூடத்தில் இரவுச் சாப்பாடு ஒவ்வொன்றாக வரும், ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். வீட்டில் போல கேபினிலேயே ஊசி போட்டுவிட்டு லிப்ட் பிடித்துப் போய் உட்கார்ந்தால், தட்டு வருவதற்குள் சர்க்கரை இறங்கிவிடலாம். உணவு நேரத்து ஊசி என்றால், சாப்பாடு கண்ணெதிரே வரும் வேளையில் போடலாமா என்று கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேபினில் உள்ள சின்ன ஃபிரிட்ஜ் பல கப்பல்களில் லேசாகக் குளிர்விப்பதோடு சரி. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனா ஏசி அறையில் இருக்கலாம். பெரும்பாலான வகைகள் சுமார் நான்கு வாரம் தாங்கும், உறையில் எழுதியிருக்கும். திறக்காததற்கு மருத்துவ ஃபிரிட்ஜ் வேண்டும் என்று கேபின் ஊழியரிடம் கேளுங்கள், கூடவே பயன்படுத்திய ஊசி போடும் டப்பாவும். கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் கட்டணம் டாலரில். சர்க்கரை நோயை மறைக்காமல் சொல்லி எடுத்த பயணக் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள்.

கிளம்பும் முன் ஒரு கட்டாய வேலை இருக்கிறது: பாதுகாப்பு ஒத்திகை. இப்போது பல கப்பல்களில் கைபேசியிலோ கேபின் டிவியிலோ வீடியோ பார்த்துவிட்டு, உங்களுக்குரிய கூடுமிடத்துக்கு நேரில் போய், கப்பலில் தரும் கேபின் அட்டையைக் காட்டினால் போதும். ஏழு சிறிய ஊதல், ஒரு நீண்ட ஊதல், அதுதான் ஆபத்துச் சமிக்ஞை. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியிருந்த பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை என்று விதி மாறி, 2015 முதல் கட்டாயமானது. போகும்போது கேபினிலிருந்து படிக்கட்டு வழியாக நடந்து பாருங்கள். ஆபத்தில் லிப்ட் கிடையாது.

இப்போது வாந்தி பயம். மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய் தீபகற்பம். அலை பெரும்பாலும் அடங்கியே இருக்கும். பினாங்கைத் தாண்டி புக்கெட் பக்கம் ஏறும்போதுதான் அந்தமான் கடலின் அலை தெரியும், அதுவும் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில். கேபினை இன்னும் மாற்ற முடியுமானால், கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மாத்திரை என்றால் குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை, முன்பே போட வேண்டும். அவோமின் போன்றவை தூக்கத்தைத் தரும். உங்கள் வயதில் கண் அழுத்தமோ சிறுநீர்த் தடையோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். வயிறு காலியாக இருக்கக் கூடாது. தலை சுற்றினால் வெளித்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள்.

பணம்: கப்பலில் ரொக்கம் இல்லை, கேபின் அட்டைதான் எல்லாம். அதோடு உங்கள் கிரெடிட் கார்டை இணைப்பார்கள். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஊரிலேயே திறந்து வையுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று தினமும் சேவைக் கட்டணம் ஏறும். மகள் முன்பே கட்டிவிட்டாளா என்று கேளுங்கள். கப்பல் நகரத் தொடங்கியதும் கைபேசியை ஏர்பிளேன் மோடுக்கு மாற்றிவிடுங்கள். கடல்வழி ரோமிங் கட்டணம் பயங்கரம். கப்பலின் செயலி, இணையப் பொதி வாங்காமலே கப்பல் வைஃபையில் வேலை செய்யும்.

சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கப்பலில் பரவி வாந்திபேதி தரும் நோரோ வைரஸுக்கு வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் மட்டும் போதாது.

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே கட்டும். லிட்டில் இந்தியாவும் குயின் தெரு மாரியம்மன் கோவிலும் நடந்தே போகும் தூரம்; மனைவிக்குப் பிடித்த டிபன் அங்கே கிடைக்கும். புக்கெட் வேறு. பெரிய கப்பல்கள் பல படோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு, சிறு படகில்தான் கரைக்கு விடும். ஏறி இறங்கும் இடத்தில் படகு ஆடும், இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால் என்பதால், கைபேசியை நம்பாமல் கைக்கடிகாரத்தைக் கப்பல் அறிவிக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படகுக்கு ஒரு மணி நேரம் முன்பே கரைக்கு வந்துவிடுங்கள், வரிசை நீளமாக இருக்கும்.