கத்தி மழுங்காத சமையற்காரர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் அலுவலகத்தில் ஒருநாள் பயிற்சி வகுப்பு நடந்தது. வந்தவர் பழைய சீன ஞானிகள் சொன்ன ‘வூ வெய்’, அதாவது செயலின்மை, பற்றி நெடுநேரம் பேசினார். ஆற்றோடு போகும் இலையாக இருங்கள், முயலாதீர்கள், எல்லாம் தானே நடக்கும் என்றார். ‘முயற்சி திருவினையாக்கும்’ என்று மனப்பாடம் செய்து வளர்ந்தவன் நான். கேட்கும்போது இதமாக இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது யாரோ என்னை ஏமாற்றிவிட்டது போலவும் இருந்தது. அவர்கள் உண்மையிலேயே இதைத்தான் சொன்னார்களா? சோம்பலுக்கு வைத்த தத்துவப் பெயரா இது?

மு.

அன்புள்ள மு.,

அந்த வகுப்பில் சமையற்காரர் டிங்கின் கதையும் வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். வூ வெய் பற்றிப் பேசுகிறவர்கள் அதை விடுவதில்லை. சுவாங் ட்சு என்ற பழைய சீன ஞானியின் பெயரில் வழங்கும் நூலின் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. வென்ஹுய் என்ற அரசருக்காக டிங் ஒரு மாட்டைக் கூறுபோடுகிறார். கத்தியின் ஓசையில் தாளம் தப்பவில்லை. உடலின் அசைவு நடனம்போல இருக்கிறது. அரசர் வியந்துபோகிறார். டிங் விளக்குகிறார்: தொடக்கத்தில் என் கண்ணுக்கு மாடு மட்டுமே தெரிந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு முழு மாடு தெரிவதில்லை. சாதாரணச் சமையற்காரர் எலும்பில் போட்டு வெட்டி மாதம் ஒரு கத்தி மாற்றுகிறார், நல்ல சமையற்காரர் ஆண்டுக்கு ஒன்று. என் கத்திக்கு 19 ஆண்டுகள் ஆகின்றன. ஆயிரக்கணக்கான மாடுகளைப் பார்த்துவிட்டது. இன்னும் இப்போதுதான் சாணையிலிருந்து எடுத்ததுபோல இருக்கிறது. மூட்டுகளுக்கு இடையே வெளி உண்டு, கத்தியின் விளிம்புக்குத் தடிமனே இல்லை, நுழைந்து உலாவ இடம் தாராளம்.

சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மூலத்தில் டிங் இன்னும் பேசுகிறார். சிக்கலான ஓர் இடம் வரும்போதெல்லாம் அதன் கடினத்தைப் பார்த்து அஞ்சி எச்சரிக்கையாகிவிடுகிறேன், பார்வையை அங்கேயே நிறுத்துகிறேன், கை மெதுவாகிறது, கத்தியை மிக நுட்பமாக அசைக்கிறேன் என்கிறார். பிறகு சட்டென்று எல்லாம் பிரிந்து மண்கட்டி சரிவதுபோல விழுகிறது. அவர் எழுந்து நின்று, சுற்றிலும் பார்த்து, மனம் நிறைந்து, கத்தியைத் துடைத்து வைக்கிறார். 19 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு மூட்டைக் கண்டு அஞ்சுகிற மனிதரை ஆற்றில் போகும் இலையோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு ஞானியான லாவோ ட்சுவின் பெயரில் வழங்கும் தாவோ தே ஜிங் என்ற நூலிலும் இதே நிலைதான். 63ஆம் பகுதி ‘செயலின்மையைச் செய்’ என்று தொடங்குகிறது. கடினமானதை அது எளிதாக இருக்கும்போதே கவனி, பெரியதை அது சிறிதாக இருக்கும்போதே பார் என்று நடுவில் சொல்கிறது. முடிவில், ஞானி எல்லாவற்றையும் கடினமாகவே கருதுகிறார், அதனால் அவருக்குக் கடினம் என்று எதுவும் நேர்வதில்லை என்கிறது. உங்கள் பயிற்சியாளர் முதல் வரியை மட்டும் படித்திருக்கிறார்.

இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். அந்த நூலின் 81 பகுதிகளில் கணிசமானவை ஆள்பவரை நோக்கிப் பேசுபவை. பெரிய நாட்டை ஆள்வது சிறு மீனைச் சமைப்பது போன்றது என்கிறது 60ஆம் பகுதி. அடிக்கடி கிளறினால் மீன் உதிர்ந்துவிடும் என்பதே உரைகாரர்கள் தரும் விளக்கம். தடைகள் பெருகப் பெருக மக்கள் ஏழையாகிறார்கள், சட்டங்கள் பெருகினால் திருடர்கள் பெருகுகிறார்கள் என்று 57ஆம் பகுதி எச்சரிக்கிறது.

இதை நடைமுறையில் செய்து பார்த்தவர் ட்சாவ் ஷென். ஹான் பேரரசின் தலைமை அமைச்சராகக் கி.மு. 193இல் பொறுப்பேற்றவர். போர்களில் எழுபது காயம் பட்டவர் என்று வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதுகிறார்; ஆகவே சோம்பேறி என்று அவரைத் தள்ளிவிட முடியாது. முன்னவரான ஸியாவ் ஹ வகுத்த சட்டங்களில் எதையும் மாற்றாமல் பகலும் இரவும் மது அருந்தியபடி இருந்தார். கண்டிக்க வந்தவர்களுக்கும் ஊற்றிக் கொடுத்துப் பேசவிடாமல் அனுப்பினார். இளம் பேரரசருக்கு மனத்தாங்கல். ட்சாவ் ஷென்னின் மகனையே விட்டுக் கேட்கச் சொன்னார். கேட்ட மகனுக்குத் தந்தையிடம் 200 அடி கிடைத்தது. (செயலின்மைக்கும் எல்லை உண்டு போலும்.) பிறகு அவையில் பேரரசரிடம் ட்சாவ் ஷென் கேட்டார்: உங்கள் தந்தையைவிட நீங்கள் சிறந்தவரா? இல்லை. ஸியாவ் ஹவைவிட நான் திறமைசாலியா? அப்படித் தெரியவில்லை. அவர்கள் வகுத்துவைத்ததை நாம் தவறாமல் காத்தால் போதாதா? பேரரசர் சரி என்றார்.

ஹானுக்கு முன் ஆண்ட ச்சின் பேரரசு 15 ஆண்டுகள் கடுஞ்சட்டமும் கட்டாய உழைப்புமாக மக்களைப் பிழிந்து, பின் உள்நாட்டுப் போரில் எரிந்து முடிந்த காலம் அது. நாட்டுக்கு அப்போது தேவைப்பட்டது ஓய்வு. அது எப்போதைக்கும் பொருந்தும் மருந்தும் இல்லை. பேரரசின் பிடி தளர்ந்திருந்த அந்த ஆண்டுகளில் வளர்ந்த சிற்றரசர்கள் ஏழு பேர் கி.மு. 154இல் கலகம் செய்தார்கள். இந்தச் சிந்தனையை நான் முழுதாக ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மக்களின் மனத்தைக் காலியாக்கி வயிற்றை நிரப்பு என்று அரசனுக்குச் சொல்லும் 3ஆம் பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உறுத்துகிறது.

நீங்கள் ஏமாற்றப்பட்டதுபோல உணர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதிகாரம் உள்ளவனிடம் ‘கையைக் கட்டுப்படுத்து’ என்று சொன்ன அறிவுரையை, அதிகாரம் இல்லாதவர்களை உட்காரவைத்து ‘இழுத்த இழுப்புக்குப் போ’ என்று ஓதியிருக்கிறார்கள். குறளை நீங்கள் கைவிட வேண்டியதில்லை. டிங்கும் அந்த மூன்று ஆண்டுகளைச் சும்மா கழிக்கவில்லை. அடுத்த முறை இப்படி ஒரு வகுப்பு வைத்தால் உங்கள் மேலாளர்களும் வருகிறார்களா என்று விசாரித்து எழுதுங்கள்.