எண்டோமெட்ரியோசிஸுக்கு என்னென்ன சிகிச்சைகள் இருக்கின்றன?

கருப்பையின் உள்சுவர்ப் படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சூலகம், குடல் போன்ற இடங்களில் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது உண்டு.

மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்தால் நெல் மட்டுமா குடிக்கிறது? வயலில் கிடக்கும் கோரையும் சேர்ந்தே குடிக்கும். அப்படித்தான் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இந்தத் திசுவையும் வளர்க்கிறது. அதில் கசியும் ரத்தம் வெளியேற வழியில்லை. வீக்கமும் வலியும் வருகின்றன.

வலி மாத்திரை வலியை மட்டும் தணிக்கும். டையனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரைகள், கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் எல்லாம் இந்தத் திசுவின் வளர்ச்சியை அடக்கும், மடையை அடைப்பது மாதிரி. கோரை வாடும், சாகாது, நிறுத்தினால் திரும்பலாம். இவற்றை எடுக்கும் காலத்தில் கருத்தரிப்பது பெரும்பாலும் நடக்காது என்பதால், குழந்தை வேண்டுவோர் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது (பலர் கூச்சப்பட்டுச் சொல்வதில்லை). லேப்ராஸ்கோப்பி என்பது வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை, கோரையைக் கிழங்கோடு தோண்டுவது மாதிரி. ஒரு கிழங்கு தப்பினாலும் மறுபடி முளைக்கும். அதனால்தான் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பலருக்கு மாத்திரை தொடர்கிறது.

"ஒரு பிள்ளை பெத்தா எல்லாம் சரியாப் போகும்" என்று வீட்டில் சொல்வார்கள். கர்ப்ப காலத்தில் சிலருக்கு வலி குறையலாம், நோய் போய்விடுவதில்லை.